காலிப் படகும் குட்டைப் பாலமும்

எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் இரண்டே பேர். முதலாளி என் அக்காவைக் கட்டியவர். அதனால் எனக்கு அத்தான். உதவியாளன் நான். என்னை வேலையை விட்டு நீக்கினால் அன்றைக்கு அவருக்கு வீட்டில் சோறு கிடையாது என்பதால், நிரந்தர உதவியாளன். அத்தானுக்குத் தண்ணீரைக் கண்டாலே வயிற்றைப் புரட்டும். அப்பேர்ப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஃபெரியில் ஏறி, நடுக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார் என்றால் அதற்குக் காரணம் ஒரு பீரங்கி.

வெண்கலப் பீரங்கி. ஐந்நூற்று ஐம்பது கிலோ. பழைய சுங்க மாளிகையின் பின்முற்றத்தில் மரச்சக்கர வண்டியில் உட்கார்ந்திருந்தது. ஒரு தடவைகூடச் சுட்டதில்லை என்பதையே பெரிய பெருமையாகப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த மாளிகை இப்போது அருங்காட்சியகம். திங்கட்கிழமை வார விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தால் பலகை இருந்தது, பீரங்கி இல்லை.

முன்வாசல் தெருவில் குழாய் பதிக்கிறேன் என்று ஆளுயரத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சைக்கிள்கூடப் போக முடியாது. பின்வாசல் நேராகக் கால்வாயில் இறங்கும். அதன் சாவி காவலாளி அம்மாளிடம். அவள் மாளிகையின் முன்பக்கத்தில் ஓர் அறையில் குடியிருக்கிறாள். ஆக, எடுத்தது அவள்தான் என்று அரை மணி நேரத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். எப்படிக் கொண்டுபோனாள்? துண்டு துண்டாக அறுத்து, காய்கறிக் கூடையில் வைத்து, பள்ளத்தின் ஓரமாக நடந்தே கொண்டுபோயிருப்பாளாம். அருங்காட்சியக இயக்குநர் தம் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம் வேறு போட்டிருந்தார்.

எங்களை அமர்த்தியது இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஊழியரே திருடியிருந்தால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டியதில்லை. 'ஊழியர் திருட்டு' என்று ஒரு வரி எழுதி அத்தான் கையெழுத்துப் போட்டால் போதும். ஐந்து மணிக்கு அந்தத் தாள் இன்ஸ்பெக்டர் கைக்குப் போக வேண்டும். சொந்தமாக யோசிக்கும் கெட்ட பழக்கம் இல்லாத அந்த மனிதர் அதற்காகத்தான் காத்திருந்தார். தாள் வந்ததும் அவளைக் கைது செய்வார். இருபது வருட வேலையும் குடியிருக்கும் அறையும் கூடவே போய்விடும்.

"ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு, கரையிலயே காபி குடிச்சிருக்கலாமே அத்தான்?" என்றேன்.

"கூடையில பீரங்கின்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு உன் அக்காவே என்னை மதிக்க மாட்டா."

"இப்ப மதிக்கிறாளா?"

பதில் சொல்ல அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்ற பயம்.

ஃபெரி முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "உங்கள் இடப்பக்கம் நானூறு ஆண்டுப் பழமையான சுவர்" என்றது. அத்தனை பேரும் இடப்பக்கம் ஓடினார்கள். "உங்கள் வலப்பக்கம்" என்றதும் வலப்பக்கம் ஓடினார்கள். ஃபெரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போயிற்று. ஊரைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட ஊரைப் பார்க்கவில்லை. எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரோரத்து வீடுகளில் பாசி படிந்த படிக்கட்டுகள், கம்பியில் காயும் போர்வைகள், ஜன்னலோரம் முகம் மழிக்கும் ஒரு மனிதர். அந்த மனிதர் எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எதிர்க்கரையில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் குட்டைப் பாலம். சுங்க மாளிகைக் கால்வாயின் வாயில் அது. கால்வாயின் மறுமுனையை எப்போதோ சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆகவே தண்ணீர் வழியாக எது வெளியே வந்தாலும் இந்தப் பாலத்துக்கு அடியில்தான் வர வேண்டும். பாலத்தின் மேல் ஒரு மரக் கூண்டு, கூண்டுக்குள் பாலக்காவலர், அவர் முன்னால் ஒரு நீள நோட்டு. போகிற வருகிற படகு, நேரம், கடலின் ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். கோடுகளைப் பாலத்துச் சுவரில் கீழிருந்து மேலாக, விரற்கடைக்கு ஒன்றாகச் செதுக்கியிருந்தார்கள்.

"திங்கட்கிழமை மியூசியம் லீவு. டூர் படகு எதுவும் உள்ள போகாது சார்," என்றார் பாலக்காவலர். "ஒரே ஒரு படகுதான். ஏழாம் நம்பர். காலைல ஏழு பத்துக்கு உள்ள போச்சு, தண்ணி ரெண்டாம் கோடு. மதியம் பன்னெண்டு நாப்பதுக்கு வெளிய வந்துச்சு, தண்ணி பதினாலாம் கோடு. காலி."

"காலின்னு எப்படித் தெரியும்?" என்றார் அத்தான்.

"கேட்டேன் சார். காலின்னு பதில் வந்துச்சு."

"எட்டிப் பாக்கலையா?"

"மேல இருந்து பாத்தா படகோட கூரைதானே சார் தெரியும்?"

"கீழ இறங்கிப் பாக்கறது?"

"அது என் வேலையில இல்ல சார்."

எத்தனை வருடமாக இந்த வேலை என்று விசாரித்தேன். மூன்று மாதம்தானாம். அதற்கு முன் நகரசபைப் பூங்காவில் செடிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தாராம். படகில் ஏறியதுண்டா என்றேன். "அய்யோ, எனக்கு நீச்சல் தெரியாது" என்றார். அத்தான் அவரை ஓர் உறவினரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பாலத்தடியிலேயே படகுத்துறை. அத்தனை படகும் ஒரே கம்பெனி. ஏழாம் நம்பரும் அங்கேதான் கிடந்தது. இரும்புக் குழாய்களின் மேல் கழற்ற முடியாதபடி பொருத்திய ஃபைபர் கூரை, இரண்டு பக்கமும் பெஞ்சு. படகோட்டி நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், முகத்தில் நாலைந்து நாள் தாடி. நாங்கள் இரண்டு பேர், முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். மணி மூன்றரை. படகு கிளம்புவதாக இல்லை.

"எதுக்குப்பா நிக்கறே?" என்றார் அத்தான்.

"எட்டுப் பேர் சேரணும் சார்."

ஐந்து மணிக்கு ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் போகிறது. இவன் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மிச்சம் ரெண்டு டிக்கெட்டையும் நாங்களே எடுத்துக்கறோம். கிளப்புங்க," என்றேன்.

"டிக்கெட் வேணாம் சார். ஆளு வேணும்."

"உக்காராத ஆளுக்கும் காசு தர்றேங்கறோம், வேணாங்கறீங்களே! இப்படியும் ஒரு வியாபாரமா?"

பத்து நிமிடம் கழித்து ஒரு தம்பதி வந்தார்கள். இரண்டு பேருமே நல்ல வாட்டசாட்டம். படகோட்டி அவர்களைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு முதல்முறையாகத் திருப்தி காட்டினார். "நீங்க முன்னால, நீங்க பின்னால" என்று அவர்களைப் பிரித்து உட்கார வைத்தார். கல்யாணமாகி எத்தனை வருடமோ, இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிந்தார்கள்.

பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது கூரைக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடைவெளி. உள்ளே போனால் அமைதியான கால்வாய். சுங்க மாளிகையின் பின்வாசல் வந்தது: பூட்டிய கதவு, வழுக்கும் படி, மேலே சுவரில் பொதி ஏற்றி இறக்கும் பழைய செயின் பிளாக். சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். படகோட்டி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியெல்லாம் நினைப்பதால்தான் நான் இன்னும் உதவியாளன்.

திரும்பி வந்து எல்லோரும் இறங்கினோம். அத்தான் கடைசியாக இறங்கி, துறையிலேயே குந்தி உட்கார்ந்தார். வாந்தி எடுக்கப்போகிறார் என்று நான் தள்ளி நின்றேன். அவர் எடுக்கவில்லை. படகின் பக்கவாட்டில் இருந்த நீல வர்ணக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"திங்கட்கிழமை இதை யாருப்பா ஓட்டினது?" என்று படகோட்டியைக் கேட்டார்.

"முதலாளியக் கேட்டுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றைக் கட்டத் திரும்பிக்கொண்டார்.

முதலாளியை அந்தத் துறையில் எல்லோரும் தொப்பி என்றுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்ததும் காரணம் விளங்கிற்று. வெள்ளைத் துணியில் தங்க ஜரிகை வைத்த கப்பல் கேப்டன் தொப்பி. அதற்கு அடியில் ஒரு சாதாரண மனிதர். அறை முழுக்க பொம்மைக் கப்பல்கள். மேஜையில் ஒரு திசைகாட்டி, தாள் பறக்காமலிருக்க. இன்னும் இரண்டு வாரத்தில் திறக்கப்போகும் மிதக்கும் ஓட்டலின் படம் சுவரில்.

"சார் எத்தனை வருஷமா கடல்ல?" என்றேன் பணிவாக.

"கடல் என் ரத்தத்துல தம்பி," என்றார். அதாவது ஒரு நாளும் போனதில்லை.

அத்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மிகவும் அசடு போல முகத்தை வைத்துக்கொண்டார். அது அவருக்குச் சுலபம். "சார், ஒரு சின்ன சந்தேகம். திங்கட்கிழமை உங்க ஏழாம் நம்பர் உள்ள போயிட்டு வந்துச்சாமே?"

"ஆமா. கால்வாயில சேறு எவ்வளவு இருக்குன்னு பாக்க அனுப்பினேன். போலீஸ்கிட்ட சொல்லிட்டேனே. போகும்போதும் காலி, வரும்போதும் காலி. பாலத்துக்காரன் நோட்டைப் பாருங்க."

"பாத்தேன் சார். ஆனா மதியம் தண்ணி நெறைய ஏறியிருக்கு. பாலமோ குட்டைப் பாலம். அதான் எப்படி வெளிய வந்துச்சுன்னு…"

தொப்பி சிரித்தார். எங்களைப் போன்ற கரைவாசிகளைப் பார்த்துப் பரிதாபப்படும் சிரிப்பு. "சார், உங்களுக்குப் படகைப் பத்தி ஒண்ணும் தெரியல. ஆளு ஏறின படகுதான் கஷ்டம். காலிப் படகு பூ மாதிரி. சும்மா அப்படியே நழுவிடும்."

"அப்படியா சார்?" அத்தான் வாயைப் பிளந்தார். "அதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா என் அறிக்கையில எழுதிடுவேன். உங்க மேல யாரும் வாயைத் திறக்க முடியாது. இப்பவும் தண்ணி ஏறிட்டுதான் இருக்கு."

"தாராளமா!" என்று தொப்பி எழுந்தார். கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே வந்ததும் அத்தான் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். "சார், அறிக்கை ரெடி. குட்டைப் பாலத்துக்கு வந்துடுங்க, அங்கயே தர்றேன். காவலாளி அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டா உங்களுக்கு ஒரு நடை மிச்சம்." ஒரு நடை மிச்சம் என்றதும் மறுமுனையில் உற்சாகம் பொங்கியது.

நாலரைக்கு எல்லோரும் பாலத்தில். இன்ஸ்பெக்டர், கையில் ஒரு ரெக்சின் பை, பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். பக்கத்தில் காவலாளி அம்மாள்: ஐம்பது வயது, சீருடைச் சட்டை, அதில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அவள் அழவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. துறையில் நின்ற ஏழாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலக்காவலர் கூண்டிலிருந்து, "தண்ணி பதிமூணாம் கோடு!" என்று கத்தினார்.

"ஓட்டுடா," என்று தொப்பி படகோட்டியிடம் சொன்னார்.

"வேணாம் முதலாளி."

"என்னடா வேணாம்?"

"வேணாம். சொன்னா கேளுங்க." தொப்பிக்கு அது காதிலேயே ஏறவில்லை. நாலு பேர் முன்னால் கூலிக்காரன் எதிர்த்துப் பேசுகிறான் என்பது மட்டும்தான் ஏறியது.

"தள்ளு! இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சொல்லி, தானே படகில் குதித்து, என்ஜினைக் கிளப்பினார். பாலத்தின் மேலிருந்த எங்களுக்கு ஒரு சல்யூட் வேறு.

பூ நழுவியது. பத்தடி நழுவியது. பிறகு காது கூசும்படி ஒரு சத்தம். ஃபைபர் கூரையின் முன்விளிம்பு பாலத்துக் கல்லில் போய் முட்டி, நசுங்கி, செருகிக்கொண்டது. தொப்பி முன்னால் சரிந்தார். தங்க ஜரிகை தண்ணீரில் விழுந்து தனியாக மிதந்து போயிற்று. அவருக்குத் தலை முழு வழுக்கை. சுற்றுலாக்காரர்கள் அன்றைக்கு எடுத்த படங்களிலேயே பார்க்கத் தகுந்தது அதுதான்.

"என்ன சார் இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காலிப் படகு, சார்," என்றார் அத்தான். "லேசா இருக்கறதால உயரமா மிதக்கும். தண்ணி ஏறின நேரத்துல இந்தப் பாலத்துக்கு அடியில நுழைய முடியாது. அதனாலதான் இவங்க எட்டுப் பேர் சேராம கிளம்பறதே இல்ல. காசுக்காக இல்ல, கனத்துக்காக. எட்டுப் பேர் ஏறினா படகு மூணு விரல் அமுங்குது. இறங்கினப்ப அந்த நீலக் கோடு மூணு விரல் மேல வந்ததை நானே பாத்தேன். இன்னைக்குப் பதிமூணாம் கோடு, முட்டிக்கிச்சு. திங்கட்கிழமை பதினாலாம் கோடு, ஆனா வெளிய வந்திருக்கு. அப்ப உள்ள ஏதோ கனமா இருந்திருக்கு. பத்துப் பேர் கனம்."

இன்ஸ்பெக்டர் மெல்ல வாய்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆளுக்கு அம்பத்தஞ்சு கிலோ, பத்துப் பேர்னா… பீரங்கி!"

"கூடையில இல்ல," என்றேன்.

தொப்பி செருகிய படகில் நின்றபடியே கத்தினார். "எனக்கு ஒண்ணும் தெரியாது! அன்னைக்கு ஓட்டினது இவன்! காலின்னு என்கிட்டயும் பொய் சொல்லியிருக்கான்! இவனைப் பிடிங்க!" அவர் விரல் துறையில் நின்ற படகோட்டியை நோக்கி நீண்டிருந்தது. படகோட்டி ஓடவில்லை. மறுக்கவும் இல்லை. பாலத்தின் மேலே, எங்களைத் தாண்டி, யாரையோ பார்த்தார்.

அத்தான் வெற்றிப் புன்னகையோடு காவலாளி அம்மாள் பக்கம் திரும்பினார். "இனிமே உங்களுக்குக் கவலை இல்லம்மா. கண்டுபிடிச்சாச்சு."

"எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும் சார்," என்றாள் அவள்.

அத்தானின் புன்னகை அப்படியே நின்றுவிட்டது.

"நான் படகுக்காரர் பொண்ணு. செவ்வாய்க்கிழமை காலைல வந்து இந்த நோட்டைப் பாத்தேன். பதினாலாம் கோட்டுல காலிப் படகு வராதுன்னு எங்க வீட்டுல நடக்கத் தெரிஞ்ச குழந்தைக்கும் தெரியும்."

"பின்ன ஏம்மா வாயைத் திறக்கல?" என்று இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். "அஞ்சு நாளா உன்னைத் திருடின்னு எழுதிட்டிருக்கேன்!"

"ஏழாம் நம்பரை ஓட்டறது என் தம்பி சார்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த நீலக் கோட்டைக் கண்டுபிடித்த பெருமையில் மாலை முழுக்க மிதந்துகொண்டிருந்தோம். அவளோ அத்தனையும் தெரிந்தே, ஐந்து நாள் திருடி பட்டத்தைச் சுமந்துகொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். சாவி ஆணியில தொங்குச்சு. திங்கட்கிழமை முன்னால குழாய்க்காரங்க மிஷின் போட்ட சத்தத்துல எனக்குப் பின்பக்கம் ஒண்ணும் கேக்கல. சாயங்காலம் அவன் மறுபடி எட்டிப் பாத்துட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை சாவி ஆணியிலேயே இருந்துச்சு, ஆனா நான் மாட்டற மாதிரி இல்லாம திருப்பி மாட்டியிருந்துச்சு." அவள் அப்போதுதான் தம்பியைப் பார்த்துப் பேசினாள். "நீயே வந்து சொல்லிடுவேன்னு இருந்தேன்டா. புதன்கிழமை வருவே, வியாழக்கிழமை வருவேன்னு. வாசப்படி ஏறினியா?"

"அக்கா," என்றார் அந்த நாற்பது வயது மனிதர். உதடு கோணிக்கொண்டு போயிற்று. "பீரங்கி முதலாளியோட ஷெட்டுல இருக்கு. புது ஓட்டல் வாசல்ல வெக்கறதுக்கு. அதே மாதிரி புதுசா செஞ்சதுன்னு சொல்லிக்கலாம்னாரு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, இன்ஷூரன்ஸ்காரன் குடுத்துட்டுப் போயிடுவான்னாரு. அப்புறம் உன் பேரைச் சொன்னாங்க. பயந்துட்டேன்க்கா."

"நானும்தான்டா பயந்தேன்," என்றாள் அவள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் கேட்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தொப்பி, "பொய்! பொய்!" என்று பாலத்தடியிலிருந்து கூவிக்கொண்டிருந்தார். ஏறும் தண்ணீர் கூரையைக் கல்லோடு வைத்து நெரித்தது. குழாய் ஒன்று மடங்கியது. அவரை வெளியே இழுக்கப் போலீஸ்காரர் ஒருவர் போனார். ஷெட்டைப் பார்க்க இன்னொருவர் ஓடினார். கால் மணி நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது: தார்ப்பாயை விலக்கினால் பீரங்கி, சக்கரத்தில் இன்னும் கால்வாய்ப் பாசி.

ஐந்து நாளாக அவளைத் திருடி என்று எழுதிவந்த வழக்கு நோட்டை இன்ஸ்பெக்டர் பையிலிருந்து எடுத்தார். தொப்பியின் பெயர், முகவரி, ஓட்டலின் பெயர் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு படகோட்டியைக் கூப்பிட்டுப் பெயரைக் கேட்டார். அக்காளே தம்பியின் பெயரைச் சொன்னாள். நிதானமாக, எழுத நேரம் கொடுத்து. வயதைச் சொன்னாள். வீட்டு எண்ணைச் சொன்னாள்.

"தகப்பன் பேரு?" என்றார் இன்ஸ்பெக்டர், தலை நிமிராமல்.

அவள் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் பக்கத்துல என் பேருக்குக் கீழ எழுதியிருக்கீங்களே சார், அதுதான். என் பேரை அடிச்சுட்டு, அதை மட்டும் அப்படியே இங்க எழுதிக்குங்க."